பதினெட்டாம் தேதிக் குழி

ஜூலை 9, செவ்வாய்

மகள் தர்ஷினியின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கம் நிறையக் காலியாக இருக்கிறது. "சும்மா சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு எதையாச்சும் எழுதும்மா" என்று பேனாவையும் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் ஏழாவது வரைக்கும்தான். தப்பு வந்தால் வரட்டும்.

எங்கள் வீட்டுக்காரர் எங்கள் வீடு இருக்கிற கணபதியிலேயே ஒரு போர்டு கம்பெனியில் லேசர் மிஷின் ஓட்டினார். கடைப் பெயர்ப் பலகைக்கு வேண்டிய எழுத்துகளை அக்ரிலிக் தகட்டிலிருந்து வெட்டுகிற மிஷின். ஜூன் பதினெட்டாம் தேதி பகல் பதினொன்றரை வாக்கில், வெட்டிக்கொண்டிருந்த தகட்டில் தீப்பிடித்தது. அணைக்கப் போனார். தீயைவிடப் புகைதான் அதிகமாக உள்ளே போய்விட்டது என்றார்கள். நாலு நாள் ஆஸ்பத்திரி. இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை போய்விட்டார். பேர் சென்னியப்பன், வயது நாற்பத்தாறு. அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதியாயிற்று.

இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி தொழிலாளர் ஆபீசில் விசாரணை. யாரால் தீப்பிடித்தது என்று கேட்பார்களாம். நானும் போக வேண்டும்.

பத்து நாள் கழித்து இன்று குழாயில் தண்ணீர் வந்தது. தர்ஷினி பிடித்தாள். நான் உள்ளேயே இருந்தேன்.

ஜூலை 10, புதன்

மாவு புளித்துவிட்டது. மூன்று பேருக்கு ஆட்டியிருக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

தனசேகர் அண்ணன் வந்தார். கம்பெனி முதலாளி. காப்பி வேண்டாம் என்றார். ஒரு தாளை நீட்டினார். டைப் அடித்த தாள்.

"படிச்சுப் பாரும்மிணி. நீ சொன்ன மாதிரியே எழுதியிருக்குது."

"நான் ஒண்ணுமே சொல்லலீங்களே?"

"சொல்லப்போறதைத்தான்."

படித்தேன். லேசர் பீம், அதாவது தகட்டை வெட்டுகிற கதிர், சரியில்லை என்று என் வீட்டுக்காரர் வீட்டில் பலதடவை சொல்லி வருத்தப்பட்டார், மெக்கானிக் சந்தியாகு சரியாகப் பார்க்காமல் போனதால்தான் தீப்பிடித்தது என்று இருந்தது. அடியில் என் பேர். நாகமணி, கணவர் பெயர் சென்னியப்பன்.

"எப்பவோ ஒருதரம் சொன்னாருங்க. பீம் சாஞ்சுக்கிச்சு, அந்தப் பையன் வந்து சரி பண்ணிட்டான்னு."

"சரி பண்ணிட்டேன்னு அவன் சொல்றது. பண்ணலைங்கறேன் நான்." தாளை விரலால் தட்டினார். "இங்க பாரு. ஒண்ணு மிஷின் மேல தப்பு, இல்லாட்டி ஆள் மேல தப்பு. மூணாவது கிடையாது. ஆள் அஜாக்கிரதைன்னு எழுதிட்டாங்கன்னா அது காலத்துக்கும் நிக்கும். நாளைக்கு உன்ற புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்பகூட, அப்பன் எப்படிச் செத்தான்னு கேப்பாங்கல்ல?"

அங்கேயே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். தாளை வைத்துவிட்டுப் போனார்.

அஜாக்கிரதை. கேஸ் அடுப்பை மூடினாயா என்று கேட்பதற்காகத் தெருமுனைவரை போய்த் திரும்பி வருகிற மனுஷன். அவரைப் போய். மிஷின் மேல்தான் தப்பு. அந்தச் சந்தியாகு மேல்தான்.

ஜூலை 14, ஞாயிறு

கட்டிலுக்கடியில் இருந்த பிஸ்கட் டப்பாவை இழுத்தேன். தூக்க முடியாத கனம்.

அவர் தினமும் காலையில் வேலை தொடங்குமுன் ஒரு காரியம் செய்வார். கட்டைவிரல் கனத்தில் ஒரு அக்ரிலிக் துண்டை வைத்து, அதன் மேல் லேசரை ரெண்டு எண்ணுகிற நேரம் விடுவார். அந்த லேசர் கண்ணுக்கே தெரியாதாம். ஆனால் பட்ட இடம் உருகிக் குழியாகிவிடும். குழி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பீம் இருக்கிறது என்று அர்த்தம். துண்டு கண்ணாடி மாதிரி இருப்பதால் பக்கவாட்டில் பார்த்தால் குழியின் உருவம் முழுசாகத் தெரியும். பிறகு அதன் ஓரத்தில் மிஷினை வைத்தே தேதி பொறிப்பார். சாயங்காலம் சோற்றுப் பையில் போட்டுக் கொண்டுவருவார். மற்ற கம்பெனியில் மாதம் ஒருதரம் செய்வதை இவர் தினமும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமையானால் எல்லாவற்றையும் தரையில் வரிசையாக அடுக்கிக் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பார். நான் கூட்டுகிற இடமாகப் பார்த்துத்தான் அடுக்குவார்.

"ஊருல அவனவன் வீட்டுக்குப் பணியாரம் வாங்கிட்டு வர்றான். நீங்க வெறுங்குழியை வாங்கிட்டு வர்றீங்க" என்பேன்.

"கல்லுல குழி சரியா இருந்தாத்தான் நாகு, பணியாரம் சரியா வரும்."

இன்று நான் அடுக்கினேன். பதினேழாம் தேதி வரைக்கும் இருக்கிறது. பதினெட்டைக் காணோம்.

ஜூலை 15, திங்கள்

சீமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, ஒவ்வொரு குழியிலும் விட்டு நகத்தால் அடையாளம் வைத்தேன். சிலது ஆழம் கம்மி, சிலது அதிகம். ஆழமாக வெறி பிடித்து இறங்கிய நாள்தான் கெட்ட நாளாக இருக்க வேண்டும். தனசேகர் அண்ணன் போன் அடித்தார். தர்ஷினியை எடுக்கச் சொன்னேன். இப்போதெல்லாம் போன் அவள்தான் எடுக்கிறாள்.

ஜூலை 16, செவ்வாய்

அவருடைய சோற்றுப் பை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இத்தனை நாள் திறக்கவில்லை. இன்று திறந்தேன். சோற்று டப்பா நிறைய அப்படியே இருந்தது. எழுதுகிற மாதிரி இல்லை. இரண்டு தரம் சாம்பல் போட்டுக் கழுவியும் வாடை போகாமல் டப்பாவை எறிந்துவிட்டேன்.

பையின் பக்க அறையில் காகிதத்தில் சுற்றிப் பதினெட்டாம் தேதித் துண்டு இருந்தது.

ஈர்க்குச்சியை விட்டேன். இறங்குகிறது, இறங்குகிறது. பிஸ்கட் டப்பாவில் இருக்கிற எதிலும் இவ்வளவு ஆழம் இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் அடிவரை துளைத்திருக்கும். அன்றைக்கு மிஷினுக்குப் பேய் பிடித்திருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை, யார் பேரிலும் இல்லை, அந்தப் பையன் பேரில் மட்டும்தான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் இரண்டு தோசை முழுதாகத் தின்றேன்.

ஜூலை 19, வெள்ளி

சந்தியாகு வந்தான். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கல்யாணம் ஆகாத பையன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படிக்குக் கீழேயே நின்றான். தர்ஷினிதான் உள்ளே கூப்பிட்டாள்.

"உக்காரலீங்க்கா. ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயர்றன்."

"என்ன சொல்லப்போறே? நீ ஒழுங்காப் பாத்திருந்தா அவரு இருந்திருப்பாரு."

"சர்வீஸ் கம்பெனியில என்னை நிறுத்தி வெச்சிருக்காங்க. இருபத்தொம்பதாம் தேதி எம்மேல எழுதிட்டாங்கன்னா இனி ஒருத்தரும் மிஷினைத் தொட விடமாட்டாங்க. அதைச் சொல்ல வரலீங்க—"

"அப்பறம் எதுக்கு வந்தே, விருந்துக்கா?"

நான் உள்ளே போய்ப் பதினெட்டாம் தேதித் துண்டையும் ஈர்க்குச்சியையும் கொண்டுவந்து அவன் கையில் திணித்தேன்.

"விட்டுப் பாரு. எவ்வளவு ஆழம்னு நீயே பாரு. இதுக்கு என்ன சொல்லப்போறே?"

அவன் குச்சியை வாங்கவில்லை. துண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். திருப்பினான். இன்னொரு பக்கம் திருப்பினான். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"அக்கா, ஆழமா இருந்தா நல்லதுங்க."

"என்னது?"

"ஒரே சக்திதானுங்க. பீம் ஒண்ணாச் சேர்ந்து நேரா வந்தா இப்படி ஆழமா, வட்டமா, நடுவுல கூரா இறங்கும். சிதறிப் போச்சுன்னா அகலமா, ஆழமில்லாம, நடுவுல மேடு கட்டி நிக்கும். ஓஸுல தண்ணி புடிக்கறப்ப வாயை விரலால—"

"போதும்" என்றேன். தண்ணீர்ப் பேச்சு எனக்கு வேண்டாம்.

தர்ஷினி பிஸ்கட் டப்பாவை இழுத்துக் கொண்டுவந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து அதில் தேடினான். ஜூன் பதினொன்றாம் தேதியை எடுத்தான். "இது பாருங்க. குழி ஒருபக்கமாச் சாஞ்சிருக்குது. இது என் தப்புதானுங்க. முந்தின நாள் அவசரத்துல மிஷினுக்குள்ள பீமைத் திருப்பற கண்ணாடியைக் கோணலா வெச்சுட்டுப் போயிட்டேன். சென்னியப்பண்ணன் போன் பண்ணித் திட்டினாரு. 'டேய், உங்க வீட்டுப் பணியாரக் கல்லு இப்படித்தான் கோணலா இருக்குமா'ன்னாரு. பன்னெண்டாம் தேதி வந்து பாத்துக் குடுத்தேன். இதா, பதிமூணு. நேரா இருக்குதுங்களா?"

பணியாரப் பேச்சு நான் ஆரம்பித்தது. அதைக் கம்பெனிவரை கொண்டுபோயிருக்கிறார்.

"உன் தப்பை எதுக்கு என்கிட்டச் சொல்றே?"

"அண்ணன் தேதி போட்டு வெச்சிருக்காருங்களே. இல்லைன்னு சொல்ல முடியுமாங்க?"

பிறகு பதினெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தான். "அந்த மிஷினுல இவ்வளவு நல்லா ஒரு குழி நான் பாத்ததே இல்லீங்க" என்றான்.

"அப்ப எப்படித்தான் தீப்பிடிச்சுது?"

"பீம் நல்லா இருந்தாலும் அக்ரிலிக் பத்துமுங்க. சுண்டுவிரல் அளவு பத்தறப்பவே ஆள் பாத்துட்டா ஊதியே அணைச்சரலாம். அண்ணன் மிஷின் ஓடறப்ப ஒண்ணுக்குக்கூடப் போக மாட்டாரு. அன்னைக்கு ஏன் வெளிய போனாருன்னுதான் எனக்கு வெளங்கவே இல்லை."

நான் தர்ஷினியைப் பால் வாங்க அனுப்பினேன். வீட்டில் பால் இருந்தது.

துண்டை நீயே கொண்டுபோ என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. "நான் கொண்டு போனா நானே இப்ப செஞ்சதும்பாங்க. உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று டப்பாவின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

ஜூலை 20, சனி

இரண்டு பாக்கெட் பாலும் திரிந்துவிட்டது.

ஜூலை 22, திங்கள்

ஒரு மாதம். படத்துக்குப் பூ போட்டேன்.

தர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள். அப்பாவின் போனைப் பீரோவிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்டிருக்கிறாள். பாட்டுக் கேட்கத்தான் என்று சொன்னாள்.

"அம்மா. பதினெட்டாம் தேதி உன்ற நம்பர்ல இருந்து ரெண்டு மிஸ்டு கால் இருக்குது. பதினொண்ணு பதினாலு, பதினொண்ணு பதினாறு. மூணாவது அப்பா எடுத்துப் பேசியிருக்கறாரு. ஏழு நிமிஷம்."

அதை யாரு எடுக்கச் சொன்னது என்று கத்தினேன். பதினாறு வயசுப் பெண்ணைக் கை ஓங்கிக்கொண்டு போனேன். அவள் அசையவில்லை. அழவும் இல்லை. சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள்.

ஜூலை 24, புதன்

காலையில் தண்ணீர் வந்தது. நானே ஓஸை மாட்டினேன். மூன்று டிரம்மும் நிறைந்தன.

இனி எழுதாமல் தீராது.

அன்றைக்கும் இப்படித்தான் திடீரென்று பதினொரு மணிக்குத் தண்ணீர் விட்டார்கள். ஓஸைக் காணோம். அவர்தான் ஞாயிற்றுக்கிழமை எதையோ ஒழுங்கு பண்ணுகிறேன் என்று எடுத்து எங்கேயோ வைத்தார். போன் போட்டேன். எடுக்கவில்லை. மிஷின் ஓடும்போது எடுக்கவே மாட்டார், சாப்பாட்டு நேரத்தில்தான் திரும்பக் கூப்பிடுவார். எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி போட்டேன். மூன்றாந்தரம் எடுத்தார்.

"என்னாச்சு நாகு? தர்ஷினிக்கு ஒண்ணுமில்லையே?"

மூன்று தரம் அடித்ததால் பயந்துவிட்டார். உள்ளே புகை இழுக்கிற விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அதனால் ரோட்டுக்கு வந்துவிட்டார். ஓஸ் எங்கே என்றேன். மாடிப்படிக்குக் கீழே என்றார். அது அரை நிமிஷம். மீதி ஆறரை நிமிஷமும் நான்தான். வெச்ச பொருள் வெச்ச இடத்தில் இருக்காது, எதைக் கேட்டாலும் நாலு வார்த்தை பேசமாட்டீர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் கண்ணாடித் துண்டுகளோடு குடித்தனம், என்று ஒவ்வொன்றாக இழுத்தேன். தண்ணீர் அதுபாட்டுக்குத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

போனை வெக்கட்டுமா என்று இரண்டு தரம் கேட்டார்.

பிறகு யாரோ கத்துவது கேட்டது. அவர் போனை வைக்கவில்லை. ஓடுகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். நான் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் வாயில் குழாய் வைப்பதற்கு முன்னால் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன். "தண்ணி புடிச்சியா?" என்றார். புடிச்சேனுங்க என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

காலையில் கார் அனுப்புவதாகத் தனசேகர் அண்ணன் சொன்னார். பஸ்ஸில் வந்துவிடுகிறோம் என்றேன். நோட்டைத் திறந்து இருபத்துநாலாம் தேதிப் பக்கத்தைத் தர்ஷினியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூடித் தந்தாள். என் சேலையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

ஜூலை 29, திங்கள்

ஆபீசர் ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர். ஒரு பக்கம் தனசேகர் அண்ணன். எதிர்ப்பக்கம் சந்தியாகு, தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான்.

தனசேகர் அண்ணன் கொடுத்திருந்த அதே டைப் அடித்த தாளின் இன்னொரு நகலைக் காட்டி, "இது நீங்க சொன்னதுதானேம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

தனசேகர் அண்ணன் நாற்காலியை இழுத்தார். "ஏம்மிணி, பயப்படாமச் சொல்லு."

பையிலிருந்து பதினெட்டாம் தேதியையும் பதினொன்றாம் தேதியையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். இது என்ன என்றார் ஆபீசர். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். குழி சாய்ந்தால் பீம் சாய்ந்தது, ஆழமாக வட்டமாக இருந்தால் பீம் நேராக இருக்கிறது. தேதி அவர் பொறித்தது. ஈர்க்குச்சியை விட்டுக் காட்டினேன். ஆபீசர் குச்சியை வாங்கி அவரே விட்டுப் பார்த்தார்.

"அன்னைக்குக் காலையில பீம் நல்லாத்தான் இருந்துதுங்க. இந்தப் பையன் மேல தப்பில்லை. மிஷினை விட்டுட்டு அவரு வெளிய போனதுலதான் தீப்பிடிச்சுது. போனது என்னாலதான். நான்தான் போன் பண்ணினேன். எடுக்கலைன்னு மூணு தரம் பண்ணினேன்."

"எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"ஏழு நிமிஷமுங்க."

எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் தனசேகர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அவர் வெளியே போனா மிஷினைப் பாக்கறது யாரு?"

"ஒராள் வேலைதானுங்க மேடம் அது."

"தீயணைக்கிற சிலிண்டர் இருக்கா?"

"இருக்குதுங்க மேடம், புதுசு."

"எங்க இருந்துச்சு?"

"ஆபீஸ் ரூமுல."

"ரூம் திறந்திருந்துச்சா?"

தனசேகர் அண்ணன் கைக்குட்டையை எடுத்தார். "நான் பேங்குக்குப் போயிருந்தேனுங்க. சாவி எங்கிட்ட இருந்துது."

சந்தியாகு அப்போதுதான் தலையைத் தூக்கினான். ஆபீசர் இன்னொரு தாளை எடுத்தார். பீம் பற்றிய பேச்சு முடிந்துபோனது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அந்தச் சாவியைப் பற்றித்தான்.

கிளம்பும்போது ஆபீசரிடம் கேட்டேன். "அஜாக்கிரதைங்கற வார்த்தை வருமுங்களா?"

"வரும்மா. அவர் இடத்தை விட்டுப் போனதை எழுதாம இருக்க முடியாது. ஆனா அது மட்டும் வராது."

பஸ்ஸில் தர்ஷினி என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தாள். கணபதி ஸ்டாப் வந்ததும் எழுந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் தர்ஷினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சந்தியாகு வந்தான். வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். நன்றி கின்றி என்று ஆரம்பித்தால் துரத்திவிட வேண்டும் என்று இருந்தேன். அவன் அதற்கு வரவில்லை.

"அங்க விசாரணையில ஒண்ணு சொல்லாம விட்டுட்டேனுங்க்கா. அண்ணன் பேரு இன்னும் கெட்டுருமுன்னு பாத்தேன். ஆனா நீங்க உங்க தலையில எல்லாத்தையும் போட்டுக்கிட்டீங்க. அதான் மனசு கேக்கலை."

"சொல்லு."

"மிஷினுல நிறுத்தி வெக்கற பொத்தான் இருக்குதுங்க. ஒரு விரல்ல அமுக்கினா அப்படியே நின்னுக்கும். திரும்பி வந்து அமுக்கினா விட்ட இடத்துல இருந்தே வெட்டும். ஒரு எழுத்துகூடக் கெடாது. அண்ணனுக்கு அது தெரியும். எனக்கே அவருதான் சொன்னாரு."

"பின்னே ஏன் அமுக்கலை?"

"அன்னைக்குக் குழி அப்படி வந்திருக்குதுங்களே. பீம் இவ்வளவு நல்லா இருக்கறப்ப ரெண்டு நிமிஷத்துல என்ன ஆகிரப் போகுதுன்னு நெனைச்சிருப்பாருங்க. நம்பிட்டாருங்க."

அவன் போனான். பின்னலை முடித்தேன். அடுப்பில் வாணலியை வைத்துக் கடுகு போட்டேன். வெடித்து முடிந்து கருகுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் கூப்பிட்டேன், சரி. மூன்று தரம் கூப்பிட்டேன், சரி. பேச்சை இழுத்தேன். அதெல்லாம் என்னுடையது, நான் வைத்துக்கொள்கிறேன். ஒரு விரலுங்க. எழுந்து வருகிற வழியில் ஒரு விரல். அடுப்பை மூடினாயா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வரத் தெரிந்தது, அதை அமுக்கத் தெரியவில்லையா? இதையெல்லாம் மனசுக்குள்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தரையில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன். பேரைச் சொல்லிக்கூடக் கத்தியிருக்கிறேன் போல.

தர்ஷினி பாதி மாட்டிய பையோடு ஓடிவந்தாள்.

"யார்கூடம்மா சண்டை?"

"உங்கப்பன்கூட."

அவள் அடுப்பை அணைத்தாள். பையைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நானும் அப்பாவைக் கேக்கோணும்" என்றாள்.

இன்று பள்ளிக்கூடம் போகவில்லை.